றோசமலர் ஊதிக் காட்டிய நாள்

றோசமலர் கார் ஓட்டும்போது காலில் எதுவும் போடமாட்டாள். குளிரோ மழையோ, சப்பாத்தைக் கழற்றி இருக்கைக்குக் கீழே தள்ளிவிட்டு வெறுங்காலால்தான் மிதிப்பாள். சப்பாத்தோடு மிதித்தால் கார் என்ன சொல்லுகிறதென்று தனக்கு விளங்காது என்பாள். இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் கார் சொல்வதைக் கேட்டு ஓட்டுகிறவர்கள் மிகக் குறைவு. மற்றவர்கள் தாங்கள் சொல்ல நினைப்பதை ஹோர்ன் அடித்து ஊருக்குச் சொல்லிக்கொண்டு போவார்கள். அந்தத் தெருக்களில் இத்தனை வருடம் ஒரு கீறல் விழாமல் ஓட்டினவள் என்றால், அவளைப் பற்றிக் கொஞ்சம் மரியாதையோடுதான் பேசவேண்டும்.

அவளுடைய பங்குக் கோயிலில் தமிழ்ப் பெண்களுக்குள் முதன்முதல் லைசன்ஸ் எடுத்தவள் அவள். எழுத்துச் சோதனையில் இரண்டு தரம் கோட்டை விட்டாள். கேள்வியெல்லாம் இத்தாலிய மொழியில். அதுவும் ஒரு சின்னச் சொல்லை இடம்மாற்றி வைத்து ஆளை விழுத்துகிற கேள்விகள். மூன்றாம் தரம் போனால் உள்ள மானமும் போய்விடும் என்று அவளுடைய கணவன் விமலராஜே சொன்னான். அவள் போனாள், பாஸ் பண்ணிக்கொண்டு வந்தாள். விமலராஜுக்குக் கார் ஓடத் தெரியாது. மனைவி ஓட்ட, பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்து வருவான். வுச்சீரியாச் சந்தையில் மீன் வாங்க வருகிற எங்கள் ஆண்பிள்ளைகள் அதைக் கண்டு சிரிப்பார்கள். "சிரிக்கிற ஆக்கள் பஸ்ஸிலை வாங்கோ, நான் காரிலை போறன்" என்பான் அவன்.

கார் அவர்களுடையதல்ல. பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய பெரிய வீட்டில் தனியாக இருக்கும் சிஞ்ஞோரா அதலீனா என்ற எண்பது வயதுக் கிழவியின் பியற் ஊனோ அது. றோசமலர் பலெர்மோவிலிருந்து காலை ரயிலில் போய் அந்த வீட்டைக் கூட்டித் துடைத்துச் சமைப்பாள். டொக்டரிடம், பாங்குக்கு, வியா மக்வேதாவின் துணிக்கடைகளுக்கு என்று கிழவியை ஏற்றி இறக்குவாள். அவசரம் என்றோ ஞாயிற்றுப் பூசைக்கு என்றோ கேட்டால் சிஞ்ஞோரா திறப்பை அவளிடமே கொடுத்துவிடுவாள். பங்கில் பாதிப் பெண்கள் அந்தக் காரில் அலைந்திருக்கிறார்கள். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க இருட்டோடு கெஸ்தூராப் பொலிஸ் தலைமையகத்தில் வரிசை பிடிக்கப் போனவர்கள், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவர்கள், இப்படிப் பலர். ஜூலியின் மகன் அந்தப் பின்சீற்றிலேயே பிறக்கப் பார்த்தவன். றோசமலரின் வெறுங்கால் கொஞ்சம் அழுத்தி மிதித்ததால்தான் கட்டிலில் பிறந்தான்.

அவளுக்குக் குடி என்றால் ஆகாது. அதற்குக் காரணம் மன்னாரில், பேசாலையில் இருந்தது. அவளுடைய தகப்பன் சுவாம்பிள்ளை கடலுக்குப் போன நாளைவிடக் கள்ளுக்கொட்டிலுக்குப் போன நாள்தான் அதிகம். ஊரில் அவளுக்கு ஒரு பெயர் இருந்ததாகவே அவளுக்கு ஞாபகமில்லை. பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் கிணற்றடியிலும் அவள் "வெறிக்குட்டி சுவாம்பிள்ளையின்ரை மேள்"தான். அந்தப் பெயரைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்ததாகத்தான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் பலெர்மோவுக்கு வந்த பிறகு பார்த்தால், அதே பேசாலைத் தெருவில் இருந்த கத்தரீனா அக்கா இங்கேயும் அதே பங்கில் இருக்கிறாள்.

கத்தரீனா கெட்டவள் இல்லை. ஆளை ஆளுக்கு அறிமுகப்படுத்துவதில் அவளுக்கு ஒரு பழக்கம், அவ்வளவுதான். புதிதாக யாராவது வந்தால், "இவ இன்னாற்றை மேள், அவர் இன்னாற்றை பேரன்" என்று தகப்பனையும் பாட்டனையும் சொல்லித்தான் ஆளை ஒப்படைப்பாள். றோசமலரின் முறை வரும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்துவாள். தாழ்த்தினாலும் றோசமலருக்குக் கேட்கும். கேட்டும் கேளாதவளைப் போல் காரைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தி எல்லோரையும் ஏற்றுவாள்.

அவளுடைய வீட்டுக்குள் போத்தில் வராது. விமலராஜ் கல்யாணப் பேச்சிலேயே அதற்கு ஒத்துக்கொண்டவன். வருடத்தில் ஒரே ஒரு போத்திலுக்கு மட்டும் அனுமதி உண்டு. அது கிறிஸ்மஸ் கேக்குக்கு வாங்குகிற பிராண்டி. பழங்களைச் சின்னச்சின்னதாக வெட்டி ஒரு மாதம் பிராண்டியில் ஊறப்போடாமல் கேக் அடிக்கிறவளை எங்கள் பெண்கள் கேக் அடிக்கிறவள் என்று கணக்கெடுப்பதில்லை. ஆகவே குடி வேறு, கேக் வேறு என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அந்தப் போத்திலைக் கடைக்காரர் தாளில் நன்றாகச் சுற்றித் தரும்வரை நின்று வாங்கிவருவாள்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பழம் வெட்டுவதற்குச் சிஞ்ஞோராவின் குசினியில் இருந்த பெரிய மாபிள் மேசைதான் வசதி. பிளம்ஸ், பேரீச்சம்பழம், இஞ்சிப்பாகு எல்லாவற்றையும் காலையில் வெட்டி முடித்தாள். பூசணிப் பாகுக்கு அவள் ஊரைத் தேடுவதில்லை. வுச்சீரியாவில் சுக்காத்தா என்று விற்கிறார்கள், அதே சாமான்தான். எல்லாவற்றையும் ஒரு பெரிய கண்ணாடிப் பேணியில் போட்டு, பாதிப் போத்தில் பிராண்டியை ஊற்றி, ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்து மூடினாள். மிச்சப் பாதிப் போத்தில் டிக்கிக்குள் போயிற்று.

டிக்கிக்குள் அதற்கு முன்பே ஒரு பை நிறைய வெற்றுப் போத்தில்கள் இருந்தன. அவை சிஞ்ஞோராவின் வைன் போத்தில்கள். கிழவி ஒவ்வொரு நாளும் சாப்பாட்டோடு கொஞ்சம் எடுப்பாள். சில நாள் கொஞ்சம் கூடவும் எடுப்பாள். பகேரியாவில் போத்தில் போடுகிற தொட்டியில் போட்டால் அயல் எண்ணிப் பார்க்குமாம். அதனால் சேர்த்து வைத்து, பலெர்மோவுக்குப் போகும்போது ஒருவருக்கும் தெரியாத தெருவில் போட்டுவிட்டு வரவேண்டும். பெரிய குடும்பத்து மானம் அப்படித்தான் காரில் போய்வரும்.

அன்று டொக்டரிடம் போகிற நாள். சிஞ்ஞோரா மிருக ரோமத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு முன்னால் ஏறினாள். பழப் பேணியைப் பின்சீற்றில் நிறுத்தி, ஒரு பழைய துவாயால் அணைகொடுத்துவிட்டு, றோசமலர் சப்பாத்தைக் கழற்றினாள். கோர்சோ தெய் மில்லே தெரு வழியாக நகரத்துக்குள் நுழையும்வரை ஒரு குறையும் இல்லை. அங்கே ஒரு நாய் குறுக்கே ஓடியது. றோசமலர் பிறேக்கை அழுத்தினாள். நாய் தப்பியது. பின்னால் ஆட்டிச்சோக்கு என்கிற மரக்கறியைக் குவித்துக்கொண்டு வந்த மூன்றுசில்லு வண்டி தப்பவில்லை, காரின் பின்பக்கத்தில் வந்து முட்டியது.

முட்டு பெரிதல்ல. ஆனால் பழப் பேணி கவிழ்ந்து மூடி கழன்று போயிற்று. கிறிஸ்மஸ் கேக் கண்முன்னால் கொட்டுண்ணுவதைப் பார்த்துக்கொண்டு எந்தப் பெண் சும்மா இருப்பாள்? றோசமலர் திரும்பி எட்டிப் பேணியைத் தூக்கி மடியில் வைத்தாள். பாதிப் பிராண்டி அவளுடைய பாவாடையில் ஊற்றுண்டது. கண்ணாடியைத் தட்டிச் சண்டை பிடிக்க வந்த வண்டிக்காரனுக்கு, கண்ணாடி இறங்கியதும் அந்த மணம் முகத்தில் அடித்தது. தன்னுடைய பிழையை இறக்கிவைக்க அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆள் குடித்திருக்கிறாள், குடித்துவிட்டு நடுத்தெருவில் பிறேக் அடிக்கிறாள் என்று தெரு முழுக்கக் கேட்கச் சொன்னான்.

இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். மூத்தவர் நரைத்த மீசையுள்ள தி பியாசி என்பவர். நிதானமான மனிசன். றோசமலரை இறங்கச் சொன்னார். அவள் வெறுங்காலோடு இறங்கினாள். தெருவெல்லாம் ஆட்டிச்சோக்கு சிதறிக் கிடந்தது, வண்டியின் விளக்குக் கண்ணாடியும் நொறுங்கிக் கிடந்தது. கால் வெட்டாமல் ஒற்றைக் காலில் கெந்திக் கெந்தி வந்தாள். அவர் முதலில் பார்த்தது அதைத்தான்.

"குடித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை. நான் குடிக்கிறேல்லை" என்றாள் அவள் இத்தாலியனில்.

"நான் கேட்பது விளங்குகிறதா?"

விளங்குகிறது என்பதற்கு எங்கள் சனம் எப்படித் தலையாட்டும் என்று உங்களுக்குத் தெரியும். தோளுக்கும் தோளுக்கும் நடுவில் தலையை மெல்ல ஒரு ஆட்டு. றோசமலரும் ஆட்டினாள். தி பியாசி தலையை நேராக வைத்திருக்கச் சொன்னார். அவள் பணிவாக, சரி என்று இன்னொரு தரம் ஆட்டினாள்.

நேர்மையாகச் சொன்னால், அந்த இடத்தில் நாங்கள் நின்றிருந்தாலும் அந்த மனிசன் நினைத்ததைத்தான் நினைத்திருப்போம். விபத்து நடந்திருக்கிறது. பெண்ணில் பிராண்டி மணக்கிறது. காலில் சப்பாத்து இல்லை, ஒழுங்காக நடக்கவில்லை, தலை நிற்கவில்லை. குடித்துவிட்டு ஓட்டினாள் என்று சந்தேகிப்பதற்கு நியாயமான காரணம் வேண்டும் என்கிறது அவர்களுடைய சட்டம். இங்கே காரணம் வரிசையில் நின்றது.

சிஞ்ஞோரா கதவைத் திறந்து இறங்கினாள். "இவள் என் வீட்டில் தண்ணீரைத் தவிர ஒன்றும் குடிக்காதவள். அந்த ஆட்டிச்சோக்குக்காரனைப் பிடியுங்கள்" என்றாள்.

"பிடிக்கிறேன், சிஞ்ஞோரா. முதலில் டிக்கியைத் திறக்கலாமா?"

அதைக் கேட்டதும் கிழவியின் முகம் மாறியது. "நீதவானின் கட்டளை எங்கே? என்ன குற்றம் நடந்ததென்று என் காரைச் சோதிக்கப் போகிறீர்கள்? எழுத்தில் கொண்டுவாருங்கள்" என்றாள்.

தி பியாசி கோபப்படவில்லை. "நான் சோதிக்கவில்லை, கேட்கிறேன். விருப்பமில்லாவிட்டால் திறக்கவேண்டாம்" என்றார்.

றோசமலர் அந்த நேரத்தில் ஒன்றைத்தான் நினைத்தாள். மூடி வைத்தால் ஒளிக்கிறாள் என்பார்கள். ஒளிக்க ஒன்றுமில்லாதவள் எதற்கு மூடவேண்டும்? சிஞ்ஞோரா கையைப் பிடிப்பதற்குள் கெந்திக்கொண்டு போய் டிக்கியைத் திறந்துவிட்டாள்.

திறந்த பிறகுதான் உள்ளே இருந்ததை அவளும் பார்த்தாள். முட்டின வேகத்தில் பை கிழிந்து வெற்றுப் போத்தில்கள் டிக்கி முழுக்க உருண்டு கிடந்தன. அவற்றுக்கு நடுவில், தாள் அவிழ்ந்து, பாதி குறைந்த பிராண்டிப் போத்தில். சுற்றி நின்ற சனம் ஒரேயடியாகச் சிரித்தது. சிஞ்ஞோரா இரண்டு கையாலும் கோட்டை இழுத்து மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்தாள்.

பகேரியாவிலிருந்து வருகிற பஸ் அந்த நெரிசலில் வந்து நின்றதும் அப்போதுதான். றோசமலர் நிமிர்ந்தாள். பஸ்ஸின் யன்னலில் கத்தரீனா அக்காவின் முகம். அவளும் பகேரியாப் பக்கத்து வீடொன்றில் வேலை செய்கிறவள். வெறுங்காலோடு, இரண்டு பொலிஸ்காரருக்கு நடுவில், ஒரு டிக்கி நிறையப் போத்திலோடு நிற்கிறவளைக் கத்தரீனா மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பிறகு சிலுவை போட்டுக்கொண்டாள். பஸ் நகர்ந்தது.

றோசமலர் மனதுக்குள் கணக்குப் போட்டாள். லைசன்ஸ் போனால் வேலை போகும், அது ஒரு பக்கம். பின்னேரத்துக்குள் பங்கு முழுக்கத் தெரிந்துவிடும், அதுவும் ஒரு பக்கம். அப்பனைப் போலத்தான் மகளும் என்ற அந்த ஒரு சொல்லை அவளால் தாங்க முடியாது. அதற்காகவே ஒரு துளி தொடாமல் வாழ்ந்தவள் அவள்.

சிஞ்ஞோரா பக்கத்துக் கோப்பிக்கடையிலிருந்து போன் பண்ணி, தன் பெறாமகன், தங்கையின் மகன் சால்வோவை வரவழைத்தாள். அவன் அட்வகேட். மோட்டோர் சைக்கிளில் கழுத்துப்பட்டி தோளில் பறக்க வந்தான். டிக்கியைப் பார்த்தான். "யார் திறந்தது?" என்று கேட்டான்.

"நான்தான்" என்றாள் றோசமலர்.

சால்வோ நெற்றியில் கையை வைத்தான். பிறகு அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னான்.

"நல்லாகக் கேளுங்கள். ஊதிப் பார்க்கிற மெஷின் அவர்களிடம் இங்கே இல்லை, கந்தோரில் இருக்கிறது. இல்லாத மெஷினை நீங்கள் மறுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து இரத்தம் கொடுங்கள் என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். நீதவானே கட்டளை போட்டாலும் ஒருவரின் கையைப் பிடித்துப் பலவந்தமாக இரத்தம் எடுக்கக்கூடாதென்று இந்த வருடம்தான் ரோமில் பெரிய நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிறகு அவரிடம் மிச்சமிருப்பது அவருடைய மூக்கு மட்டும். அந்த மூக்கை நான் வழக்கில் உடைப்பேன்."

"எவ்வளவு காலம் செல்லும்?"

"பலெர்மோவில் வழக்கு என்றால்... கொஞ்சக் காலம் செல்லும். ஆனால் தப்பிவிடுவீர்கள்."

றோசமலர் யோசித்தாள். கெட்டிக்காரப் பெடியன், நல்லதைத்தான் சொல்கிறான். ஆனால் அவன் சொல்கிற வழியில் போனால் எங்கே போய் இறங்கவேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"தம்பி," என்றாள். இத்தாலியனில் பேசும்போதும் அவனை அவள் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். "நீங்கள் சொல்லுறது சரி. நான் தப்புவன். சட்டத்தாலை தப்பினவள் எண்டு சனம் சொல்லும். குடிக்காதவள் எண்டு சொல்லாது. எனக்கு அந்த ரெண்டாவதுதான் வேணும்."

"வழக்கில் அதை நிரூபிக்கத் தேவையில்லை."

"வழக்குக்குத் தேவையில்லை. எனக்குத் தேவை."

சால்வோ அவளை ஒரு தரம் பார்த்தான், தன் பெரியம்மாவை ஒரு தரம் பார்த்தான். சிஞ்ஞோரா கையை விரித்தாள். ஏழு வருடம் றோசமலரோடு பழகினவளுக்கு, இனிப் பேசிப் பிரயோசனமில்லை என்று தெரியும்.

றோசமலர் தி பியாசியிடம் போனாள். அவர் எழுதத் தொடங்கியிருந்தார். கையெழுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள், லைசன்ஸை நான் எடுத்துக்கொள்கிறேன், மிச்சத்தை மேலிடம் பார்க்கும் என்றார். இப்படி எழுதுகிறபோது பெண்கள் அழுவதைத்தான் அவர் கண்டிருப்பார்.

"மெஷினைக் கொண்டுவரச் சொல்லுங்கோ. நான் ஊதிப்போட்டுத்தான் போவன்" என்றாள்.

"அது இன்னொரு வண்டியில்தான் வரவேண்டும். நேரமெடுக்கும்."

"சுறுக்காக் கொண்டுவரச் சொல்லுங்கோ. பிந்தினால் வெறி முறிஞ்சிட்டுது எண்டு சொல்லுவினம்."

தி பியாசி பேனையை நிறுத்தினார். நேரம் போகட்டும் என்று இழுத்தடித்தவர்களை அவருக்குப் பழக்கம். கெதியாகக் கொண்டுவா என்று அவசரப்படுத்துகிறவளை அவர் அன்றைக்குத்தான் கண்டார். வானொலியில் கூப்பிட்டுச் சொன்னார்.

காத்திருந்த நேரத்தில்தான் அந்தக் கரண்டி ஞாபகத்துக்கு வந்தது. காலையில் மூடியைப் போடுவதற்கு முன் அவள் ருசி பார்த்த கரண்டி. பிராண்டியில் ஊறிய பிளம்ஸ். காரின் முன்பக்கத்தில் சாய்ந்து நின்றவள் நாக்கால் பல்லைத் துழாவிப் பார்த்தாள். மெஷினுக்குக் குடி வேறு, கேக் வேறு என்று தெரியுமா? அது ஒரு சின்ன இலக்கத்தைக் காட்டிவிட்டால்? சால்வோ சொன்னபடி பேசாமல் இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவளேதான். இப்போதும் வேண்டாம் என்று சொல்லலாமா என்று மெஷின் வந்து இறங்கும்வரை யோசித்துக்கொண்டிருந்தாள்.

மெஷின் வந்தது. சின்னச் சூட்கேசு அளவில் ஒரு பெட்டி, ஒரு குழாய். தி பியாசி குழாயின் முனையில் புதிய ஊதுவாய் ஒன்றை மாட்டினார். றோசமலர் கையை உயர்த்தினாள்.

"ஊத முன்னம் ஒண்டு சொல்லவேணும். காலமை ஒரு கரண்டி பழம் திண்டனான். ருசி பாக்க. அதிலை பிராண்டி இருந்தது. எழுதுங்கோ."

சால்வோ கண்ணை மூடிக்கொண்டான். ஒரு அட்வகேட்டின் வாழ்க்கையில் இப்படிப்பட்ட நாட்கள் வரும். சிஞ்ஞோரா முன்னால் வந்து, "என்னுடைய மேசையில், என் கண்முன்னால். கேக்குக்குப் போடுகிற பழம். அந்த வெற்றுப் போத்தில்களையும் எழுதுங்கள். அவை என்னுடையவை. எல்லாம் நான் குடித்தவை" என்றாள். பகேரியாவின் அயல் முழுவதும் கேட்டாலும் பரவாயில்லை என்ற மாதிரிச் சத்தமாகச் சொன்னாள். அதற்குப் பிறகு றோசமலர் அந்தக் கிழவியைப் பற்றி ஒருவர் குறை சொல்லவும் விட்டதில்லை.

ஊதினாள். முதல் ஊதல் காணாது என்று பெட்டி கீச்சிட்டது. பயத்தில் மூச்சு வரவில்லை. மீண்டும், வயிற்றிலிருந்து இழுத்து, பெட்டி போதும் என்று சொல்லும்வரை ஊதினாள். கூட்டம் கிட்ட நெருங்கியது. ஆட்டிச்சோக்குக்காரனும் எட்டிப் பார்த்தான்.

தி பியாசி சின்ன யன்னலில் வந்த இலக்கத்தைப் பார்த்தார். பெட்டியை அவளுடைய பக்கம் திருப்பினார். வெறும் பூச்சியங்கள். சட்டப்படி சற்று நேரம் விட்டு இன்னொரு தரம் ஊதவேண்டும். அவள் ஊதினாள். இந்தத் தரம் மூச்சு தாராளமாக வந்தது. மறுபடியும் பூச்சியம்.

தி பியாசி தொப்பியைக் கழற்றிவிட்டு அவளுக்குக் கை கொடுத்தார். "என் மூக்கை இனி நான் அவ்வளவாக நம்பமாட்டேன், சிஞ்ஞோரா" என்றார். வேலைக்காரியாக இருக்கிற ஒரு தமிழ்ப் பெண்ணை ஒரு பொலிஸ்காரர், வீட்டு எசமானியைக் கூப்பிடுவது போலச் சிஞ்ஞோரா என்று கூப்பிட்டதைக் கேட்டு அவள் நிமிர்ந்து நின்றாள். பெருமையில்தான் நிமிர்ந்தாள், அதை மறைக்கவேண்டியதில்லை. அவர் மெஷின் கக்கிய துண்டுக் கடதாசியின் பிரதி ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு, வண்டிக்காரனிடம் போனார். போகிற வழியில் நின்று, "விபத்தில் டிக்கி எவ்வளவு நெளிந்தது என்று எழுதவேண்டும், இன்னொரு தரம் திறக்கிறீர்களா?" என்று கேட்டார்.

றோசமலர் சிஞ்ஞோராவைப் பார்த்தாள். சிஞ்ஞோரா றோசமலரைப் பார்த்தாள்.

"நீதவானின்ரை கட்டளை கொண்டுவாங்கோ" என்றாள் றோசமலர். முதலில் சிரித்தது தி பியாசிதான். நெளிவை வெளியிலிருந்தே பார்த்து எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை விமலராஜ் மார்க்கெற்றிலிருந்து முகம் செத்து வந்தான். "சனம் கதைக்குது" என்றான். "கத்தரீனா அக்கா எல்லாருக்கும் சொல்லிப்போட்டா. சுவாம்பிள்ளையின்ரை ரத்தம் எங்கை போகும் எண்டு கேட்டவவாம். அந்தத் துண்டைத் தா, கொண்டுபோய்க் காட்டிப்போட்டு வாறன்."

"காட்டித் திரியிறதுக்கு நான் என்ன கள்ளியே? அது கிடக்கட்டும்" என்று அவள் கேக்குக்கு முட்டை அடித்தாள். கொட்டுண்ட பழம் இனி ஒரு மாதம் தாங்காது; பேணியில் மிஞ்சியதற்கு அளவான ஒரு சின்னக் கேக்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மழை பிடித்துக்கொண்டது. வழக்கமாக மழையென்றால் பெண்கள் றோசமலருக்கு முன்னால் காரடிக்குப் போய் நிற்பார்கள். அன்றைக்கு ஒருவரும் அசையவில்லை. கோயில் வாசலில் ஒதுங்கி, குடை இல்லாதவர்களும் குடை தேடுகிற பாவனையில் நின்றார்கள். முழங்கால் வருத்தக்காரி கத்தரீனா நடுவில் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் புதிதாக வந்த ஒரு பெண், பெயர் மொனிகா, ஊரிலிருந்து வந்து ஒரு மாதமும் ஆகவில்லை.

றோசமலர் காரை வாசலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினாள். இறங்கி, மழைத் தண்ணீருக்குள் வெறுங்காலோடு படியேறி வந்தாள். விமலராஜ் கைகட்டுவதை விட்டுவிட்டு யன்னலால் தலையை நீட்டிப் பார்த்தான். அவள் நேரே கத்தரீனாவுக்கு முன்னால் போய் நின்றாள். குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை.

"அக்கா, முழங்காலோடை மழைக்குள்ளை நடக்கவேண்டாம். வாங்கோ, காரிலை ஏறுங்கோ. பயமெண்டால் மணந்து பாத்திட்டு ஏறுங்கோ."

சொல்லிவிட்டு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், மெஷினுக்கு ஊதினது போலவே வயிற்றிலிருந்து ஒரு ஊது ஊதினாள்.

கத்தரீனாவுக்குப் பின்னால் நகர இடமில்லை. அவளுடைய மூக்கு அவளைக் கேட்காமலே வேலை செய்தது.

"என்ன மணக்குது?" என்று கேட்டாள் றோசமலர்.

"கோப்பி" என்றாள் கத்தரீனா. பிறகு, "நான் பஸ்ஸிலை இருந்து பாத்தது... போத்திலுகள்..." என்றாள்.

"பொலிஸும் அதைத்தான் பாத்தவை. பாத்திட்டு, ஊதச் சொல்லிப் பாத்தவை. நீங்களும் இப்ப பாத்திட்டியள். முடிஞ்சுது. ஏறுங்கோ."

ஜூலிதான் முதலில் படியிறங்கினாள், மகனைத் தூக்கிக்கொண்டு. பிறகு மொனிகா. கத்தரீனா கடைசியாக, ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தாள். விமலராஜ் இறங்கி அவளுக்கு முன்சீற்றைக் கொடுத்துவிட்டு, பின்னால் பெண்களோடு நெருக்கியடித்து ஏறினான்.

றோசமலர் காலைத் துடைத்துவிட்டுக் காரை எடுத்தாள். வியா மக்வேதாவில் மழையோடு வாகனங்கள் நெருக்கியடித்து நின்றன, எல்லோரும் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து மொனிகா, ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் கேட்கிற கேள்வியைக் கத்தரீனாவிடம் கேட்டாள்.

"அக்கா, கார் ஓடுறவ ஆற்றை மேள்?"

றோசமலர் முன்னால் நின்ற காரின் சிவப்பு விளக்கையே பார்த்தாள். கண்ணாடியைத் துடைக்கிற தடி போய் வந்துகொண்டிருந்தது. கத்தரீனா முன்சீற்றிலிருந்து பின்னால் திரும்பினாள். வழமையாகத் தாழ்த்துகிற குரலை அன்றைக்கு அவள் தாழ்த்தவில்லை.

"இவவோ? இவ எங்கடை றோசமலர். எங்கடை பங்கிலை முதல் கார் ஓடின பொம்பிளை."

முன்னால் நின்ற கார் நகர்ந்தது, றோசமலரும் வெறுங்காலை மெல்ல அழுத்தினாள்.